ஆறாம் நாள் விருந்து

"அம்மா, கடிதத்தை ஏன் அரிசி வாளிக்குள்ளை ஒளிக்கிறீங்கள்?"

ஆறு வயது வதனா குசினி வாசலில் நின்று இப்படிக் கேட்டது, 1986ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமைக் காலை ஒன்றில். தவமலரின் கை முழங்கைவரை அரிசிக்குள் இருந்தது.

ஏழு நாளாக அந்தக் கடிதத்தை மெத்தைக்குக் கீழ், சாமிப் படத்துக்குப் பின்னால் என்று இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். கணவன் நவரட்ணத்தின் கடைசித் தம்பி சிறீயை யாழ்ப்பாணத்தில் இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாதாம். மாமி, நவரட்ணத்தின் தாய், யாரையோ கொண்டு எழுதுவித்து அனுப்பியிருந்தா.

பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து, சித்தப்பாவுக்காகத்தான் அம்மா சாப்பிடாமல் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அப்பாவுக்கு நாளைக்குச் சொல்லலாம் என்று காதுக்குள் சொன்னாள். வதனா தலையாட்டினாள். ஆறு வயதுத் தலையாட்டலை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நவரட்ணத்திடம் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவனுடைய அண்ணன் கொழும்பில் செத்த செய்தி வந்தபோது, இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். இருந்த வேலையும் போயிற்று. இப்போது கனடாவில், மிசிசாகாவில் நல்ல பக்டரி ஒன்றில் வேலை. சிறீயைக் கனடாவுக்கு எடுக்க, நவரட்ணத்தின் வேலையை உறுதிப்படுத்தி முதலாளி ஒரு கடிதம் தரவேண்டும். அந்த முதலாளி ஹரிஸ்தான் இன்று பின்னேரம் இவர்கள் வீட்டார் எல்லாரையும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு விருந்துக்கு அழைத்திருந்தார். இந்த நேரத்தில் அவன் மறுபடி விழுந்தால் சிறீயை யார் எடுப்பது?

இன்றுதான் முருகனுக்குப் பிடிக்கும் கந்தசட்டி விரதத்தின் ஆறாம் நாள். பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் வைக்கக்கூடாத நாள்.

"ஒரு நாள்தானே, இஞ்சேர், அங்கை வந்து சாப்பிடு," என்றான் நவரட்ணம். "எங்கடை பக்டரித் தியாகலிங்கம் கிறிஸ்மஸ் பாட்டியிலை சாப்பிடமாட்டன் எண்டு இருந்தவன். தை மாதம் அவனை வேலையாலை நிப்பாட்டிப்போட்டாங்கள்."

அந்தத் தை மாதம் பதினொரு பேரை நிற்பாட்டினார்கள். ஆனால் பயந்த மனதுக்கு அதெல்லாம் ஏறாது.

நவரட்ணத்தின் அக்கா பாலேஸ்வரி சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னா: "என்ரை தம்பி சிறீ இஞ்சை வந்து சேரக்கூடாது எண்டுதான் உவள் விரதம் பிடிக்கிறாள்."

தவமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போனாள்.

அந்த அமெரிக்கச் சாப்பாட்டுக் கடை மிசிசாகாவின் ஓரத்தில், மரங்களுக்கு நடுவே இருந்தது. பருவத்துக்குப் பருவம் அங்கே சாப்பாடு மாறுமாம். யன்னல்களில் பூசணிக்காய் அடுக்கியிருந்தார்கள். ஹரிஸ் எல்லாருக்கும் வான்கோழியே சொல்லிவிட்டு, பனி விழத் தொடங்கினால் இந்தச் சமையல் இனி அடுத்த வருடம்தான், ஒருவரும் மிச்சம் வைக்கக்கூடாது என்று சிரித்தார். தவமலர் கை கழுவப் போவதாக எழுந்துபோனாள்.

கழுவுமிடத்தில் பரிமாறும் பெண் ஒருத்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தவமலரின் மணிக்கட்டில் கட்டியிருந்த விரத நூலைப் பார்த்தாள்.

"கந்தசட்டிக் காப்பா அக்கா?"

தமிழைக் கேட்டதும் தவமலருக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் மட்டக்களப்பு, பெயர் வேரோனிக்கா.

"கரண்டியைப் பிடிச்சிக்கொண்டு சும்மா இருங்க. மிச்சத்த நான் பாக்கிறன்," என்றாள். வாசலில் நின்று திரும்பினாள். "அக்கா... என்ட தம்பி பஸ்ரியன் கடலுக்குப் போய் மூணு மாசம். ஒரு தகவலும் இல்ல. கும்பிடக்குள்ள அவனுக்கும் ஒரு சொல்லுச் சொல்லுங்க."

தவமலர் ஓமென்று தலையாட்டினாள்.

வான்கோழி வந்தது. கொஞ்ச நேரத்தில் வேரோனிக்கா, இது ஆறிவிட்டது என்று தவமலரின் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிப்போனாள். திரும்பி வந்த கோப்பையில் இறைச்சி பாதி வெட்டுப்பட்டு, எலும்பு ஓரத்தில் ஒதுங்கி, பூசணி கரண்டியால் கிளறிக் கிடந்தது. யார் பார்த்தாலும் ஆசையாகச் சாப்பிட்டவளின் கோப்பை என்பார்கள். பிடிபட்டால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும் என்று பயந்து தவமலர் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேசை உயரத்தில் கண் வைத்திருந்த வதனா மட்டும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

சாப்பாடு எப்படி என்று ஹரிஸ் பிள்ளையைத்தான் கேட்டார். வதனா வாயைத் திறந்தாள். தவமலர் முருகா என்று கண்ணை மூடினாள்.

"வெரி குட்," என்றது பிள்ளை.

திங்கட்கிழமை கடிதம் தருவதாக ஹரிஸ் கைகொடுத்து அனுப்பினார்.

காரில் பாலேஸ்வரி சும்மா இருக்கவில்லை. "கோழியைக் கண்டதும் விரதம் பறந்திட்டுது. எலும்பைக்கூட விடேல்லை."

"அம்மா ஒண்டும் சாப்பிடேல்லை," என்று வதனா பின்சீற்றில் அழத் தொடங்கினாள். "அந்த அன்ரிதான் பிளேட்டை மாத்தினவ. சித்தப்பாவை ஆமி பிடிச்சிட்டுது. அம்மா அவருக்காகத்தான் பசி கிடக்கிறா. கடிதம் அரிசிக்குள்ளை கிடக்கு."

நவரட்ணம் காரை ஓரத்தில் நிறுத்தினான். ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்தான். இதோ விழப்போகிறான் என்று தவமலர் பயந்தாள். அவன் விழவில்லை.

"இவ்வளவு நாளும் உந்தக் கடிதத்தைத் தனியவோ காவிக்கொண்டு திரிஞ்சனீ?" என்றான்.

வீட்டுக்கு வந்து பாலேஸ்வரி அரிசி வாளிக்கு முன்னால் நிலத்தில் இருந்து கடிதத்தைப் படித்தா. பிறகு தவமலரின் மடியில் முகத்தைப் புதைத்து, "என்ரை வாய் அழுகிப்போக... என்னை மன்னிச்சுக்கொள்ளடி," என்று அழுதா. தவமலர் மச்சாளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியப் பாலேஸ்வரிதான் முழுகி, விரதம் முடிக்கிற பாறணைச் சமையல் செய்து, தவமலரை இருத்திப் பரிமாறினா.

ஹரிஸ் சொன்னபடியே கடிதம் தந்தார். மூன்றாம் வாரம் கொழும்பிலிருந்து போன் வந்தது. சிறீயை விட்டுவிட்டார்கள். மெலிந்து போயிருக்கிறான், ஆனால் உயிரோடு இருக்கிறான். வீடே அழுது சிரித்தது. நவரட்ணம் சாமிப் படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டான்.

அந்தச் சந்தோசத்துக்கு நடுவில் தவமலருக்கு வேரோனிக்காவிடம் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. விருந்தன்று இரவும் அதற்குப் பிறகும், பயத்தில் அவள் சாமியிடம் சிறீயின் பெயரை மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை, எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறினாள். வழியில் ஒரு கடையில் மெழுகுதிரி வாங்கினாள். வேரோனிக்காவின் சாமி இருக்கிற இடத்திலேயே சொல்வதுதான் முறை என்று அவளுக்குப் பட்டது. மாதா கோயில் திறந்திருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போய், மாதாவின் காலடியில் திரியை ஏற்றினாள்.

என்ன சொல்லிக் கும்பிடுவதென்று தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"பஸ்ரியன்," என்றாள். "மட்டக்களப்பு. கடலுக்குப் போன பிள்ளை, தாயே."

திரி எரிந்து முடியும்வரை குளிர்ந்த நிலத்தில் முழங்காலில் இருந்தாள். பிறகு எழுந்து, வதனா பள்ளிக்கூடம் விட்டு வர முன்னம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.