இரண்டாவது சாரதி

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஷிப்ட் முடிந்து வருகிற வழியில், அயர்லாந்துப் பயணக் கடதாசிகளை வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஹவுன்ஸ்லோ கடைத்தெருவில் இருந்த சேஷாத்ரியின் டிராவல்ஸுக்குள் செல்வரத்தினம் நுழைந்தான். சேஷாத்ரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க சம்சாரம் இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க சார்."

செல்வரத்தினத்தின் மனைவி தவமலர் கொழும்பில் இருந்தாள். சனிக்கிழமை காலையில்தான் லண்டனில் வந்து இறங்கப் போகிறாள். அந்த டிக்கெட்டைப் போட்டதே இந்தச் சேஷாத்ரிதான்.

"வேறை ஆரையோ சொல்லுறீங்கள் ஐயா."

"இல்ல சார். டப்ளின்ல எடுக்கிற காருக்கு ரெண்டாவது டிரைவர் பேரு சேர்க்கணும்னு வந்தாங்க. நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியிலதான் உக்காந்தாங்க. அவருக்குப் பனியில ஓட்டப் பயம், நான்தான் ஓட்டணும்னு சொன்னாங்க. டிக்கெட்ல வேற பேராச்சேன்னு கேட்டேன், இதுதான் அவரு வச்ச பேருன்னாங்க. முன்னாடியே வந்துட்டாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம், கால் கொஞ்சம் இழுக்குது போல."

அவர் நீட்டிய படிவத்தில் மேலே செல்வரத்தினத்தின் பெயர் தட்டச்சில் இருந்தது. அதற்குக் கீழே நீல மையில், இரண்டாவது சாரதி என்ற இடத்தில், கமலாம்பிகை செல்வரத்தினம் என்று எழுதியிருந்தது. பிறந்த திகதியும் இருந்தது. கையெழுத்து தமிழில் இருந்தது.

அந்தப் பெயரில் யாரும் இல்லை. அந்தப் பெயரை உண்டாக்கியவன் அவன்தான்.

வெளியே வந்தபோது நான்கரை மணிதான், ஆனால் நவம்பர் மாதம் என்பதால் நன்றாக இருட்டியிருந்தது. கடைத்தெரு வெளிச்சத்தில் ஈரமான நடைபாதை மினுங்கியது. அவன் வேகமாக நடந்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டில், கம்ப்யூட்டர் காலம் என்று எல்லோரும் பேசுகிற லண்டனில், முப்பத்தெட்டு வயது மனிதன் ஒரு பெயருக்குப் பயந்து நடக்கிறான் என்றால் யாராவது நம்புவார்களா?

பதினொரு வருடத்துக்கு முன்பு, குரோய்டனில் குடிவரவுக் கந்தோர் இருந்த உயரமான கட்டடத்துக்கு அகதி விண்ணப்பத்துக்காகப் போவதற்கு முதல்நாள், கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்ட் சொல்லிக்கொடுத்தான்: "கலியாணம் முடிச்சதெண்டு எழுது. ஒரு பேரைப் போட்டு வை. பிறகு எந்தப் பிள்ளையைக் கட்டினாலும் அந்தப் பேரிலை இங்கை கூப்பிடலாம்." எத்தனையோ பெடியள் அப்படி எழுதினார்கள், எழுதிவிட்டு மறந்தும் போனார்கள். செல்வரத்தினத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அதிகாரி கேட்கக் கேட்க இவன் சொல்லிக்கொண்டே போனான். கமலாம்பிகைக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும், சிறு வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்தவள். தகப்பனின் பழைய ஆஸ்டின் காரில் ஓட்டப் பழகியவள். கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள். முகம் எப்படி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, அவனும் அதை யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் மாரிகாலம் மிகவும் கொடியது. ஒரு அறை, ஒரு கட்டில், காசு போட்டால் எரிகிற ஹீட்டர். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சனில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து கதவைத் திறக்கும்போது, "கமலம், வந்திட்டன்" என்று சொல்லப் பழகினான். விசர் என்று அவனுக்கே தெரியும். ஆனால் தன்னுடைய குரலையாவது கேட்கவேண்டியிருந்தது. அப்படியே ஏழெட்டு வருடம் சொல்லியிருப்பான்.

பிறகு தவமலரின் சம்பந்தம் வந்தது. அவள் பள்ளிக்கூட ரீச்சர். இன்னொருத்தியின் பெயரில் வரமாட்டேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆகவே ஒருநாள் மத்தியான இடைவேளையில், கான்டீன் மேசையில் இருந்து, செல்வரத்தினம் கமலாம்பிகையைக் கொன்றான். ஷெல் விழுந்து இறந்தாள், வீட்டு வளவுக்குள்ளேயே குழி வெட்டித் தாட்டதாகச் சொந்தக்காரர் அறிவித்தார்கள், மரணச் சான்றிதழ் எடுக்க அங்கே அரசாங்கக் கந்தோர் எதுவும் நடக்கவில்லை. குடிவரவுக் கந்தோருக்கான கடிதத்தைப் பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு மீனும் சிப்ஸும் சாப்பிட்டான். செத்தவளுக்கு எட்டாம் நாள் சடங்கும் செய்யவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்யவில்லை. இல்லாதவளுக்கு என்ன அந்தியேட்டி?

தவமலரோடு அவன் வாழ்ந்தது மொத்தம் ஆறு நாள், சென்னையில், கல்யாணம் முடிந்த கையோடு. பிறகு பதினான்கு மாதம் டெலிபோன்தான். அவளுக்காகத்தான் அந்த அயர்லாந்துப் பயணம். டப்ளின் விமானத்துக்குப் போகிற சாப்பாட்டுத் தட்டுகளை வருடக்கணக்காக மூடி அனுப்பியவன், இந்தமுறை தானும் அதில் ஏறி இருந்து, மூடியைத் திறந்து சாப்பிடப் போகிறான். இறங்கியதும் பெரிய கறுப்பு மெர்சிடிஸ், கடற்கரை வழியே ஏழு நாள், கோட்டையை மாற்றிக் கட்டிய ஹோட்டல். அவள் வந்து மூன்றாம் கிழமை புறப்பாடு.

"அங்கை மழை பெய்யுமோ?" என்று போன ஞாயிறு கேட்டிருந்தாள்.

"எந்த நாளும் பெய்யும்."

"அப்ப நல்லது. காருக்குள்ளை இருந்து கதைச்சுக்கொண்டு போகலாம்."

அந்தக் கதைக்காகத்தான் அவன் இத்தனை நாளும் காத்திருந்தான். வேறொன்றும் அவனுக்குத் தேவையில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தான். தவமலருக்காக இரண்டு மாதத்துக்கு முன்பு எடுத்த சின்ன வீடு. விமானங்கள் இறங்குகிற பாதைக்கு நேர் கீழே. இரண்டு நிமிடத்துக்கொருதரம் கூரையே நடுங்குகிற மாதிரி ஒரு இரைச்சல் வந்து, சன்னல் கண்ணாடிகளை அதிரவைத்து, கோப்பைகளைக் கிணுகிணுக்கச் செய்து, பிறகு அடங்கிப்போகும். அந்த இரண்டு இரைச்சல்களுக்கு நடுவே வருகிற அமைதியில் பிரிட்ஜின் முனகல், குழாயின் சொட்டு, தன் மூச்சு எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். இன்றைக்கு அந்த அமைதியில் இன்னொன்றும் கேட்டது. மேல் மாடியில். ஒரு அடி. பிறகு ஒரு இழுவை. ஒரு அடி, ஒரு இழுவை. அடுத்த விமானம் வந்து அதை மூடிவிட்டது.

எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு ஏறிப் பார்த்தான். யாரும் இல்லை. படுக்கையறையில் மட்டும், மழைக்குப் பிறகு மண்ணைக் கிளறினால் வருமே, அந்த வாசம் இருந்தது. சன்னல் பூட்டியிருந்தது. அவன் கட்டில் விளிம்பில் இருந்தான். பிறகு ஒரு விளக்கையும் அணைக்காமல், தலையணையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

புதன்கிழமை காலை டெலிபோன் அடித்தது. அயர்லாந்து ஹோட்டலிலிருந்து ஒரு பெண், பாட்டு மாதிரியான ஆங்கிலத்தில், மாற்றம் செய்தாயிற்று என்றாள்.

"என்ன மாற்றம்?"

"உங்கள் மனைவி நேற்று இரவு அழைத்தாரே, படி ஏற முடியாதென்று. கீழ்த்தளத்தில் அறை தந்திருக்கிறோம். மிகவும் அன்பானவர். உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்."

நேற்று இரவு முழுக்க அவன் டெலிபோனுக்குப் பக்கத்தில், கீழே, சோபாவில்தான் கிடந்தான். கண் மூடவே இல்லை.

அன்று பின்னேரம் சமைத்து, கை கழுவிவிட்டுத் திரும்பினான். மேசையில் இரண்டு தட்டு இருந்தது. ஒன்றில் அவன் போட்ட சோறு. மற்றது வெறுமையாக, கவிழ்த்து வைத்திருந்தது.

"நான் உனக்கு என்ன செய்தனான்?" என்று வெறும் நாற்காலியைப் பார்த்துக் கேட்டான். கேட்டவுடனேயே பதில் அவனுக்குத் தெரிந்தது. சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தான்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகிற பஸ்ஸில் சரியான நெரிசல். அவனுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது. கைத்தடியோடு ஏறிய வெள்ளைக்காரக் கிழவி அதில் இருக்கப் போனாள், குனிந்து பார்த்தாள், "மன்னிக்கவேணும் அம்மா" என்றாள். பிறகு தள்ளிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செல்வரத்தினம் மெல்லத் திரும்பிப் பார்த்தான். வெறும் இருக்கை. கோடு போட்ட துணி. எல்லோருக்கும் தெரிகிறவள் அவனுக்கு மட்டும் தெரியவில்லை. அவளுக்கு முகம் கொடுக்காமல் விட்டவன் அவன்தானே. அடுத்த தரிப்பில் இறங்கி மீதி வழி முழுக்க நடந்தான். இடது பக்கம் கொஞ்சம் பின்னால் ஒரு அடியும் ஒரு இழுவையும் வந்துகொண்டே இருந்தன.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே விமான நிலையத்துக்குப் போய்விட்டான். தவமலர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான். உயிரோடு ஒருத்தி வீட்டுக்குள் நடமாடினால், தேத்தண்ணி போட்டால், பேசினால், இது இருக்காது. தனிமைதான் இதற்குத் தீனி. அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கொழும்பு விமானம் இறங்கி ஒரு மணித்தியாலம் போயிற்று. சாமான்களைத் தள்ளிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், போனார்கள். ஒலிபெருக்கி அவன் பெயரைக் கூப்பிட்டது.

சின்ன அறை. ஒரு மேசை. அவன் பக்கம் இரண்டு நாற்காலி. குடிவரவு அதிகாரி இளம் பெண், நல்ல முகம். அவள் ஒரு கடதாசியைத் திருப்பி வைத்தாள்.

"திருமதி கமலாம்பிகை செல்வரத்தினம் செவ்வாய்க்கிழமை காலையே நாட்டுக்குள் வந்திருக்கிறார். உங்கள் மனைவி, உங்கள் விலாசம். இப்போது இன்னொரு பெண் வந்து, தானும் உங்கள் மனைவி என்கிறார். உங்கள் பழைய கோப்பில் முதலாமவரின் பெயர்தான் இருக்கிறது. அவர் இறந்துவிட்டதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்." அவள் சங்கடப்பட்டாள். "நீங்கள் சொல்லுங்கள். கமலாம்பிகை உங்கள் மனைவியா, இல்லையா?"

ஒரே ஒரு வசனம் போதும். அப்படி ஒருத்தி இல்லை, நான் பொய் சொன்னேன். அதைச் சொன்னால் தவமலருக்காகப் பேச வழி திறக்கும். சொன்னால் குரோய்டனில் சொன்ன மற்றதெல்லாம் பொய்யாகும். பதினொரு வருடம். பாஸ்போர்ட். வீடு. எல்லாம் போகும். போகட்டும். போனால் என்ன. அவளோடு எங்கேயாவது இருந்துகொள்ளலாம். வசனம் நாக்குநுனி வரை வந்துவிட்டது.

அதிகாரி ஒரு குவளையில் தண்ணீர் வார்த்தாள். அதை அவனுக்குக் கொடுக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"குடியுங்கள், அம்மா," என்றாள் அன்பாக. "களைத்துப் போயிருக்கிறீர்கள்."

நாற்காலி கிரீச்சிட்டது.

மண் வாசம்.

குவளையில் தண்ணீர் குறைந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"திரு செல்வரத்தினம்?"

"ஓம்," என்றான். அவளுக்கு விளங்காது என்று நினைவு வந்து, "யெஸ்," என்றான். "மனைவிதான்."

அதிகாரி எழுதிக்கொண்டாள். எழுந்துபோய்ப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அங்கே பிளாஸ்டிக் கதிரையில், புதுக் கம்பளிச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, தவமலர் இருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பதினான்கு மாதச் சிரிப்பு. ஒரு அடி எடுத்து வைத்தாள்.

பிறகு அவனுக்குப் பக்கத்தில் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கண் அங்கேயே நின்றது. கையைக் கொண்டுபோய் வாயில் வைத்தாள்.

அவனுடைய இடது காதுக்கருகில் ஒரு குரல். முதல்முறையாக. தணிந்த, நித்திரை கெட்ட, யாழ்ப்பாணத்துக் குரல்.

"அந்தப் பிள்ளை ஆர்?"

தவமலர் இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாது," என்றான்.

கதவு மூடிக்கொண்டது. அதிகாரி நன்றி சொன்னாள். அந்தப் பெண்ணை அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுவோம், நீங்கள் இருவரும் போகலாம் என்றாள்.

அவன் நடந்தான். வருகை மண்டபம். சனிக்கிழமைக் கூட்டம். தோளோடு தோள் இடிக்கிற கூட்டம், டிரொலிகள், குழந்தைகள், பெயர் எழுதிய அட்டைகள். நடுவில் செல்வரத்தினம் தனியே வந்தான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவன் வர வர ஆட்கள் விலகினார்கள். டிரொலிகளை இழுத்துக்கொண்டார்கள். ஒரு தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினான். வாசல் வரைக்கும், அந்தக் கூட்டம் முழுக்க, இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்கு வழி விட்டது. மெதுவாக. கால் ஏலாத ஒருவருக்கு விடுகிற மாதிரி.