காய்கள் வெடிக்கும் அறை

ரண்டர்ஸ் நகருக்கு வெளியே இருந்த அந்தப் பழைய விதைக்கூடத்துக்கு அண்ணைதான் என்னைக் காரில் கூட்டிப்போனார். சனிக்கிழமை மத்தியானம். வேலையாட்கள் இல்லை. என் கணவர் லூக்காஸின் உடுப்புகளை அங்கிருந்து எடுத்துவர வேண்டும்.

"இந்த நாட்டில சின்ன மேட்டையும் மலை எண்டுதான் சொல்லுறாங்கள்," என்றார் அண்ணை வழியில். "நாங்கள் ஏறின மலையைக் காட்டினா மயங்கி விழுந்திடுவாங்கள்."



லூக்காஸும் என் அண்ணை தவராஜாவும் அங்கே ஒன்றாக வேலை செய்தவர்கள். குளிர் தொடங்கும்போது துருக்கியின் வறண்ட மலைகளுக்குப் போவார்கள். உச்சியில் நிற்கும் பைன் மரங்களில் ஒருவர் ஏறி விதைக்காய் பறிப்பார். மற்றவர் கீழே கயிற்றைப் பிடிப்பார். அந்தக் காற்றில் குரல் கேட்காது, விசில்தான் பேச்சு. மேலிருந்து நீளமாக ஒரு விசில் வந்தால் ஆபத்து என்று அர்த்தம். கீழே நிற்பவர் பதில் விசில் அடித்துவிட்டு ஏற வேண்டும்.

கடைசி முறை அண்ணை மட்டும் திரும்பி வந்தார்.

"கொப்பு முறிஞ்சு விழுந்தவர், தங்கச்சி. அந்த இடத்திலயே முடிஞ்சுது. நோவே தெரிஞ்சிருக்காது."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நித்திரை கொண்டேன்.

வேலையாட்களின் அலுமாரிகள், காய்களை உலர்த்தும் அறைக்குள் இருந்தன. கதவைத் திறந்ததும் சூடும் பிசின் மணமும் முகத்தில் அடித்தன. ஜன்னல் இல்லாத இருட்டு. தட்டுத் தட்டாக லூக்காஸ் கடைசியாகப் பறித்த காய்கள் பரப்பியிருந்தன. சூட்டில் அவற்றின் செதில்கள் ஒவ்வொன்றாக வெடித்து விரிந்தன. யாரோ இருட்டுக்குள் இருந்து விரல்களில் நெட்டி முறிப்பதுபோல.

டக்.

டக்.

பிறகு எல்லாம் ஒரேயடியாக நின்றது.

ஒரு விசில். நீளமாக, மெல்லியதாக, கூரைப் பக்கமிருந்து.

அண்ணை என் கையைப் பிடித்தார். அந்தச் சூட்டிலும் அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன.

மீண்டும் விசில்.

"பதில் குடுக்காதை," என்று கிசுகிசுத்தார். "குடுத்தா ஏறவேணும்."

"ஆர் அண்ணை அது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"இருட்டிப்போச்சு, மச்சான். நான் ஏறியிருந்தா நானும் விழுந்திருப்பன். விடியும் வரைக்கும் ஏன் விசில் அடிச்சுக்கொண்டே தொங்கினனீ?"

விடியும் வரைக்கும்.

"நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"வாகனத்துக்குள்ள. காதைப் பொத்திக்கொண்டு."

நான் உடுப்புகளை எடுக்கவில்லை. பெருந்தெருவுக்கு நடந்துபோய் பஸ் பிடித்தேன். அண்ணையின் பொய்யைத் தலையணையாக வைத்து இத்தனை நாள் படுத்திருக்கிறேன். அதன்பின் படுக்கையில் கண்ணை மூடினால், விடியாத ஒரு மலை.

சபையில் எல்லோரும் மன்னிக்கச் சொன்னார்கள். "கூடப்பிறந்தவரல்லோ," என்றார் விமலராணி அக்கா. "கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார். நீ கதவைத் திற."

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அண்ணை என் வீட்டுக்கு வந்தார். வெளியே நின்று அழுதார்.

"தங்கச்சி, என்னை ஒருக்கா உள்ள விடு."

சின்ன வயதில் எனக்கு அடி விழாமல் தானே வாங்கிய அண்ணை. மன்னிக்கத்தான் எழும்பினேன்.

கதவின் உள்பக்கப் பூட்டில் செருகியிருந்த திறப்பு மெதுவாகத் தானே திரும்பியது. கதவு பூட்டிக்கொண்டது.

நான் இன்னும் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.