ஐந்தாவது சர்வர்

பட்டியலில் ஐந்து சர்வர்கள் இருந்தன. அறையில் இருந்தவை நான்குதான்.

அவள் மறுபடியும் கேபிள்களை எண்ணினாள். ஒரு சர்வருக்கு இரண்டு பாதை. ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். நான்கு சர்வர், எட்டு கேபிள். ஆனால் சர்வர்கள் தகவலை எழுதிவைக்கும் புதிய சேமிப்புப் பெட்டியின் திரையில், எந்தக் கேபிளும் இல்லாத ஐந்தாவது ஒன்று, இரண்டு பாதையும் உயிரோடு இருப்பதாகக் காட்டும் இரண்டு பச்சைப் புள்ளிகளோடு, இடம் கேட்டுக் காத்திருந்தது. ஜன்னல் இல்லாத அறை; விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கு அடியில் ஈரக் கூந்தல் போல ஏதோ மெல்ல மணத்தது.

"என்னம்மா, பேன் பார்க்கிற மாதிரி ஒவ்வொண்ணா பார்த்துட்டிருக்கியா?" போன் ஸ்பீக்கரில் மேலாளர். "பன்னெண்டு மணிக்குள்ள ஊழியர் பதிவேடு புதுப் பெட்டில ஏறலேன்னா, நாளைலேருந்து நீ வரவே வேணாம்."

"சார், அஞ்சாவது எதுன்னே தெரியலை. பதிவேட்டு இடத்தை அதுக்கும் குடுத்தா…"

"எல்லாத்துக்கும் குடு. தட்டித் தொலை."

நான்கு சர்வர்களும் ஒன்றையொன்று அறிந்தவை; முறை வைத்து எழுதுபவை. அறியாத ஒன்றை அதே இடத்தில் விட்டால், எல்லாம் தன்னுடையது என்று நினைத்து, இருப்பதன் மேலேயே எழுதிவிடும். தொழிலின் முதல் பாடம் அது. வேலை போய்விடுமே என்ற பயத்தில் ஐந்துக்கும் இடம் கொடுத்துத் தட்டினாள்.

விசிறிகள் நின்றன. மூச்சை உள்ளே இழுத்தது போல மீண்டும் கிளம்பின.

பதிவேட்டைத் திறந்தாள். அவள் பெயருக்கு நேரே: 'வெளியே சென்றார், 10.40.' மணி பதினொன்றரை.

அடையாள அட்டையைக் கதவில் வைத்தாள். சிவப்பு. மறுபடி. சிவப்பு.

கணவனை அழைத்தாள்.

"யாருங்க?" என்றான். அவன் அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை.

"நான்தான்! கதவு திறக்கல…"

"நான்னா யாரு? பேரைச் சொல்லுங்க."

பெயர். வாய்வரை வந்தது. இல்லை. மகளின் பெயரைத் தேடினாள். அங்கேயும் வெற்றிடம். விசும்பினாள்.

"ராங் நம்பர் போல," என்றான் அவன், யாரிடமோ. பிறகு ஒரு சின்னக் குரல்: "அம்மா, போன்ல யாரோ அழறாங்க."

"குடு கண்ணு, நான் பேசறேன்."

அவளுடைய குரல்.

போனை வாங்கும் சத்தம். வளையல் உரசல். மூச்சு, காதோரம்.

"அழாதே," என்றது. "எழுத இன்னும் கொஞ்சம்தான் பாக்கி."

கத்த நினைத்தாள். சத்தம் வரவில்லை. கதவின் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. மூக்குக்குக் கீழே, வழவழவென்று, தோல் மட்டும்.