வலம்புரி ஊதிய உதடுகள்

சக ஆண்டு 1142, மார்கழித் திங்கள், வளர்பிறை ஏழாம் நாள் அந்தியில், பாலாற்றின் தென்கரையிலிருந்த வெண்ணாவல் கோட்டையில், இளவரசன் பூதிவேளின் முகத்தில் வலப்பாதி செயலிழந்தது.

நிலவொளியில் ஆறு வெள்ளித் தகடாய் விரிந்து கிடந்ததை அன்று எவரும் நோக்கவில்லை, வாசகர்களே! வலக்கண் மூடவில்லை, கோணிய வாயிலிருந்து பால் வழிந்தது.

"நஞ்சு! மடைப்பள்ளிக்காரனைக் கட்டுங்கள்!" என்றார் சிற்றப்பர் காடவேள்.

அக்குலத்தில் முடிசூடுபவன் சபை நடுவே முன்னோரின் வலம்புரிச் சங்கை மும்முறை ஊத வேண்டும். பட்டாபிஷேகம் தைப்பூசத்தன்று, இடையில் முப்பத்தெட்டு நாட்களே. ஊதத் தவறினால் மகுடம் காடவேளுக்கு. அவரோ, தாம் பட்டமேறும் நாளிலேயே சிறையிலிருந்த அக்கரைச் சிற்றரசர் செங்கழல் அரையரின் தலையை வாங்குவதாகச் சூளுரைத்தவர்.

மறுநாள் விடியல் முதல் இளவரசனை ஓயாமல் சங்கு ஊதிப் பழகச் செய்தார்கள். ஒலி எழவில்லை, காற்றுதான் வலக்கடைவாயில் கசிந்தது. மாலையில் அரிஞ்சிகை என்னும் மருத்துவ நங்கை படகில் வந்திறங்கினாள்.

"புருவங்களை உயர்த்துங்கள், இளவரசே."

நெற்றி இடப்புறம் சுருங்கிற்று. வலப்புறம் கழுவிய கல்லாய் இருந்தது. நீட்டச் சொன்ன கைகள் இரண்டும் நடுங்காமல் நின்றன.

"நஞ்சல்ல, மூளையின் நோயுமல்ல. காதுக்குப் பின்னால் வரும் ஒரு நரம்பு வீங்கியிருக்கிறது. சமையற்காரனை அவிழ்த்துவிடுங்கள். சங்கைப் பெட்டியில் வையுங்கள்; நொந்த நரம்பை ஏன் சவுக்கால் அடிக்கிறீர்கள்? மூன்று நாள் ஆகவில்லை. மருந்துக்கு இன்னும் வழியுண்டு."

"அரை முகத்தோடு அரியணையா?" என்று சிரித்தார் காடவேள்.

"மறு பாதி வரும்வரை தாங்களே சிரித்துக்கொண்டிருங்கள், சிற்றப்பா" என்றான் பூதிவேள், சொற்கள் குழற.

கசப்பு மாத்திரையைத் தேனில் இழைத்துக் கொடுத்தாள். உறங்கும்போது மூடாத கண்ணை ஈரத் துணியால் காத்தாள். முதல் வாரம் முழு அளவு. பிறகு நாளுக்கு நாள் குறைத்தாள்.

"குணமாகுமுன்னே குறைப்பானேன்?" என்றார் காடவேள்.

"வீக்கத்தோடு மருந்தின் வேலை முடிந்தது. இனி நரம்பின் வேலை."

இருபத்திரண்டாம் நாளும் அசைவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கள் நங்கையே, வருமா?"

"பலருக்கு வரும். சிலருக்குக் குறை தங்கும். தங்களுக்கு எதுவென்று அறியேன்." அவள் பார்வை சாளரத்தின் வழியே சிறைக்கூடத்தை நாடியதை அவன் கண்டான்.

மறுநாள் வலப்புருவம் ஒரு மயிரிழை உயர்ந்தது. தை பிறந்தபோது கண் மூடியது. பிறகு உதடுகள் குவிந்தன.

பூசத்தன்று சங்கின் முதல் ஒலி கரகரத்தது. இரண்டாவது நிலைத்தது. மூன்றாவதில் சபை முழுதும் எழுந்து நின்றது. ஆற்று மணலில் நின்ற நாரைகள் ஒருசேரப் பறந்தன.

"என்ன வேண்டும், கேளுங்கள்" என்றான் பூதிவேள், அரிஞ்சிகையிடம்.

"செங்கழல் அரையரின் உயிர். நான் அவர் மகள்."

காடவேளின் வாள் பாதி உருவப்பட்டது. "பகைவன் மகளா! மருந்தென்று இவள் எதைக் கொடுத்தாளோ!"

"இவர் கொடுத்ததைத்தான் இப்போது சங்கொலியாய்க் கேட்டீர்கள், சிற்றப்பா" என்றான் பூதிவேள், முழு முகத்தோடும் சிரித்து.

அன்று மாலை சிறைக் கதவு திறந்தது. தந்தையும் மகளும் ஒரே படகில் அக்கரை சேர்ந்தார்கள். பங்குனியில் வெண்ணாவலிலிருந்து மணத்தூது சென்றது. அது ஏற்கப்பட்டது.