கத்தரிப்பூ நிற நாடா

றுக்கியா தொலைபேசியில் கூப்பிட்டபோது, மறுப்பதற்குச் சிவகுருநாதனுக்கு ஒரு சாட்டும் அகப்படவில்லை. அவளுடைய கணவர் அபூதாஹிர் இறந்து ஐந்து மாதம் கழிந்திருந்தது. அவர் முப்பது வருடமாகச் சேர்த்த ஜெர்மன் பேரரசுக் காலத்து நாடாப் பட்டைகளை இனங்கண்டு சொல்லத் திருகோணமலையில் வேறு ஆளில்லை.

துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பழைய வீட்டுக்குப் பிற்பகல் மூன்று மணிக்குப் போனார். மழை மூட்டம். கடல் ஈயம்போல அசையாமல் கிடந்தது.

"இரிங்க சேர். பெட்டியெல்லாம் மேசையில வெச்சிரிக்கன். மகன் கட்டார்ல இரிந்து கேக்கான், எது என்னெண்டு எனக்கு விளங்குதில்ல. தேத்தண்ணி ஊத்திட்டு வாறன்."

அவள் குசினிக்குள் போனாள். சிவகுருநாதன் முதல் பெட்டியைத் திறந்தார்.

பதக்கங்களுக்குப் பதிலாகச் சீருடை மார்பில் குத்திக்கொள்ளும், விரல் நீளப் பட்டைகள். கறுப்பு வெள்ளை என்றால் போர்க்களத்து வீரம். ஓரத்தில் மூவண்ணக் கோடு போட்ட மஞ்சள் என்றால் சீனச் சண்டைக்குப் போய் வந்தவன். எந்த நாடாவுக்கு அடுத்து எது என்ற ஒழுங்கைப் பார்த்தே ஒருவனின் ஆயுளைச் சொல்லிவிடலாம்.

கடைசிப் பெட்டியில் ஒரு குழி வெறுமையாக இருந்தது.

அந்தப் பட்டை சிவகுருநாதனின் அலுமாரியில் இருந்தது. நடுவில் கத்தரிப்பூ நிற நாடா வைத்த பட்டை. அது எந்தச் சிற்றரசின் விருது என்று கண்டுபிடிக்க அபூதாஹிருக்குப் பதினொரு வருடம் பிடித்தது. கண்டுபிடித்த அன்றே நண்பர் சிவகுருநாதனைக் கூப்பிட்டுக் காட்டினார். றுக்கியா அன்று கிண்ணியாவில் தங்கை வீட்டில் நின்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அபூதாஹிருக்கு முட்டு வந்து மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"குருநாதன், பம்ப எடு."

மருந்துப் பம்ப் ஜன்னல் விளிம்பில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"பொறு, எடுக்கிறன்" என்றார் சிவகுருநாதன்.

எடுக்கவில்லை. இழுப்புச் சத்தம் அடங்கும்வரை நின்றார். பிறகு பட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

இப்போதும் அந்தப் பம்ப் அதே இடத்தில் இருந்தது.

அறைக்குள் அபூதாஹிர் பூசும் நெஞ்சுத் தைலத்தின் வாசனை எழுந்தது.

பின்னால் ஒரு மூச்சு. மெல்லிய விசில் போல இழுத்து, விட்டு, இழுத்து.

திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

மூச்சு இப்போது காதோரம் கேட்டது.

திடீரென்று அவருடைய நெஞ்சு இறுகியது. காற்று தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஜன்னல் விளிம்பை நோக்கிக் கையை நீட்டினார்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஈரமான, பழக்கமான பிடி.

"பொறு" என்றது குரல். "எடுக்கிறன்."

தேநீரோடு வந்த றுக்கியா, கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பம்ப்பை எடுத்தாள். "சேர்! என்ன செய்யிது சேர்?"

"அண்டைக்கு... நான் இஞ்ச இருந்தனான்."

பம்ப்பை நீட்டிய அவளுடைய கை நின்றது.

"அவர் மவுத்தான அண்டா?"

"ஓம்."

"பம்பக் கேட்டவரா?"

"கேட்டவர்..."

அவள் பம்ப்பை நெஞ்சோடு அணைத்தாள். பிறகு அதை அவருடைய மடியில் எறிந்தாள்.

"நான் உங்களப் போல இல்ல. இழுத்துப்போட்டு எழும்பிப் போங்க. இனி இந்த வாசல மிதிக்கப்படாது."

மறுநாளே அந்தப் பட்டையை ஓட்டோக்காரனிடம் கொடுத்து அனுப்பினார். ஆனால் இழுப்பு விடவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டொக்டர் சோபனா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நுரையீரல் சுத்தமா இருக்கு ஐயா. முட்டு இருக்கேலாது." குழாயைக் காதில் மாட்டி அவருடைய நெஞ்சில் வைத்தாள். "மூச்சை அடக்குங்கோ."

கொஞ்சம் பொறுத்து அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"அடக்கச் சொன்னனான், ஐயா."

சிவகுருநாதன் வாயையும் மூக்கையும் இரு கைகளாலும் பொத்திக் காட்டினார்.

குழாய்க்குள் மூச்சு இழுத்து, விட்டு, இழுத்தது. அதைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டு, டொக்டர் சோபனா கதிரையோடு பின்னால் நகர்ந்தாள்.