நதியாவின் நாற்காலி

"நம்ம கம்பெனியில பனியன் தைக்கிற புள்ள முன்னால உக்காருவா... மொதலாளி பொண்டாட்டி அவ முதுகைப் பாத்துக்கிட்டுப் பின்னால உக்காருவா! ரொம்ப நல்லா இருக்குது அம்மிணி!"

மாமியார் கருப்பாத்தாள் தோசையைத் தட்டோடு தள்ளிவிட்டாள். மருதாள் அதே தட்டில் அடுத்த தோசையைச் சுட்டுப் போட்டாள். இருபது வருஷமாக அவள் அப்படித்தான். கணியூரில் கன்னிப்பெண்ணாக இருந்தபோது வயலின் வாசித்தவள். "கச்சேரிக்காரி எங்க ஊட்டுக்கு ஆகாது" என்று இதே மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்காக, வயலினைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். நாத்தனாருக்குப் பிரசவம் பார்த்தாள், படுக்கையில் கிடந்த மாமனாருக்குக் கடைசிவரை பணிவிடை செய்தாள். நல்ல பெயர் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை.

2008இல் கரண்ட் தட்டுப்பாடு வந்து, வாரத்தில் ஒரு நாள் பனியன் கம்பெனிகள் மூடிக் கிடந்தன. அந்த நாளாகப் பார்த்து, பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு பல்கலைக்கழகத்தார் இசை வகுப்புத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றார்கள். மருதாள் வாழ்க்கையில் முதல் முறையாக யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். பிறந்த வீட்டு வயலினை வரவழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள்!

அங்கேதான் நதியாவும் இருந்தாள். சிவகங்கைப் பக்கமிருந்து வந்து அவர்கள் கம்பெனியில் பனியன் தைத்துப் பிழைக்கிறவள், சிறு வயதிலிருந்தே சர்ச்சில் வயலின் வாசித்தவள். வகுப்பின் வயலின் குழுவுக்கு அவள்தான் முன் வயலின். அவளுடைய வில் அசைவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தொடங்க வேண்டும். "பயப்படாதீங்கக்கா, என்னையவே பாருங்க" என்பாள். இருபது வருஷத்தில் மருதாளுக்கு வாய்த்த ஒரே சிநேகிதி அவள்.

போன வாரம் ஒத்திகை பார்க்க வந்த கருப்பாத்தாளின் காதில் பாட்டு விழவில்லை, கண்ணில் நாற்காலி வரிசைதான் விழுந்தது. இன்று அரங்கேற்றம். கணவன் அர்த்தநாரியும் சேர்ந்துகொண்டு கத்துவான் என்று மருதாள் பயந்தாள். அவனோ சிரித்தான்.

"உடுங்கம்மா... எல்லாம் சரி பண்ணியாச்சு."

என்னத்தைச் சரி பண்ணினான் என்பது மேடைக்குப் போனதும் தெரிந்தது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று மூன்று தலைமுறையாகப் பங்காளிகளோடு மல்லுக்கு நின்ற வம்சம் அது. மேடை நாற்காலியையும் அர்த்தநாரி அப்படித்தான் பார்த்தான். விழாச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று பொறுப்பாளரிடம் பேசி, மருதாளின் நாற்காலியை முன்னால் போடச் செய்திருந்தான். நதியாவின் நாற்காலி கடைசி வரிசையில், தூண் மறைவில் கிடந்தது.

நதியாவின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எந்திரிச்சிருப்பேன்லக்கா... ஆளை விட்டுச் சொல்லணுமா?"

"ஐயோ கண்ணு! எனக்கு ஒண்ணுமே தெரியாது..."

"உங்க வீட்டுக்காரரு செஞ்சது உங்களுக்குத் தெரியாதாக்கும்!" நதியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் அர்த்தநாரி மேடையோரம் வந்து பல்லைக் கடித்தான்.

"போய் உக்காரு. நம்ம சனம் பூராப் பாக்குது. உக்காரலீன்னா... ஊட்டுப் படி ஏறாதே!"

இருபது வருஷம் குனிந்திருந்த தலை அப்போதுதான் நிமிர்ந்தது. மருதாள் முன் நாற்காலியைத் தூக்கிப் பின்னால் போட்டாள். தூணோரம் கிடந்ததைத் தானே சுமந்து வந்து முன்னால் வைத்தாள். சபை சலசலத்தது.

"என்ன காரியம் பண்ற மருதா!" என்று கீழே முதல் வரிசையிலிருந்து கருப்பாத்தாள் கத்தினாள்.

"அத்தை! மாரியம்மன் நோம்பியில கும்மிக்கு நீங்கதானுங்க பாட்டெடுத்துக் குடுப்பீங்க? வந்த புதுசுல நீங்க ஏழை ஊட்டுப் பொண்ணு... பெரிய பெரிய ஊட்டுப் பொம்பளைங்கெல்லாம் உங்களுக்குப் பின்னாலதான பாடுனாங்க? அவிய மானம் போயிருச்சுங்களா? கொரல் உங்ககிட்ட இருந்துச்சு, எடுத்துக் குடுத்தீங்க. இங்க வில்லு நதியாகிட்ட இருக்குது!"

கருப்பாத்தாள் மெல்ல உட்கார்ந்தாள். நதியா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலிக்கு வந்தாள். போகிற போக்கில் மருதாளின் கையை இறுக்கிப் பிடித்தாள். வில் எழுந்தது. குழு மொத்தத்தின் இசையும் அதன் பின்னால் எழுந்தது. அர்த்தநாரி எழுந்து வெளியே போய்விட்டான்.

கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் வாசலுக்கு வந்தபோது அவன் காரருகே நின்றிருந்தான். மருதாள் நேராக அவனிடம் போனாள்.

"படி ஏற வேண்டாம்னீங்க. நான் கணியூர் பஸ் ஏறறனுங்க."

"எங்கடி போற?" கருப்பாத்தாள் ஓடி வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "உன்ற கையில இவ்வளவு இருந்துச்சா... நானல்லோ அதைப் பூட்டி வெச்ச பாவி! டேய் அர்த்தநாரி, இவ ஏறாத படி எனக்கும் வேண்டாம். என்னையும் கணியூருக்கே அனுப்பிடு!"

அர்த்தநாரி தலையைத் தொங்கப் போட்டான். "தப்புதான் மருதா... மன்னிச்சுக்க."

மருதாள் அழுதாள். ஆனாலும் அசையவில்லை.

"எங்கிட்ட வேண்டாமுங்க... அதா, அவ நிக்கிறா."

கச்சேரிக்கு வந்திருந்த, கம்பெனியில் தைக்கிற பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஒரு கணம் தயங்கினான். பிறகு நதியாவிடம் நடந்து போய், இரண்டு கைகளையும் கூப்பினான்.