இசைவு வாங்குகிறவர்

சந்தன வேம்பு மரம் இன்னமும் சம்மதிக்கவில்லை. பட்டையில் குத்தியிருந்த இசைவுமானியின் விளக்கு சிவப்பாகவே எரிந்தது. வெட்டு இயந்திரத்தின் ஓட்டுநர் இறங்கி வந்து இரண்டாவது டீயும் குடித்து முடித்துவிட்டார்.

தனிஸ்லாஸுக்கு அவசரமே இல்லை. அவர் பசுங்கிளை மரத்தொழிலகத்தின் தலைமை இசைவாளர். அடம்பிடிக்கும் மரம் எந்த மலையில் இருந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

“நேத்து தண்ணி விட்டீங்களா?” என்று ஆட்களைக் கேட்டார்.

“வேர் குளிர விட்டோம் சார்.”

“இன்னைக்கு?”

“ஒரு சொட்டு இல்ல.”

“அப்ப உக்காருங்க. தானா வரும்.”

வந்தது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் விளக்கு பச்சையாகிவிட்டது. தனிஸ்லாஸ் வழக்கம்போல மரத்தை ஒருமுறை தடவிக் கொடுத்தார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார், ஒதுங்கி நின்றார். இயந்திரம் உறுமிக்கொண்டு முன்னால் வந்தது.

மரத்துக்குள் ஓடும் மெல்லிய மின்துடிப்பை அளக்கிற கருவி இசைவுமானி. வாழ ஆசைப்படும் மரத்தில் துடிப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்; அது மறுப்பு. துடிப்பு அடங்கிச் சீராக ஓடினால் அது இசைவு. விஞ்ஞானிகள் அப்படித்தான் சொன்னார்கள், சட்டமும் அதையே பிடித்துக்கொண்டது. இசைவு தராத மரத்தை வெட்டினால் சிறை. மற்ற மரக் கம்பெனிகள் எல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது பசுங்கிளை மட்டும் சட்டத்தைக் கைதட்டி வரவேற்றது. அதன் பலகைகளில் ‘மனமுவந்து தந்தது’ என்ற முத்திரையைச் சுட்டுப் பொறித்திருப்பார்கள். அந்தப் பலகையில் செய்த கட்டிலை வாங்கியவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மரத்தின் மனம் எப்படி உவந்தது என்பதுதான் தனிஸ்லாஸின் கைவண்ணம். அந்த முறைக்கு ஒதுக்கம் என்று பெயர். முதலில் மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டுவார்கள். மண்ணுக்கடியில் பூஞ்சை இழைகள் வழியாக மரங்கள் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்ளும், சேதி சொல்லிக்கொள்ளும். பள்ளம் அதை அறுத்துவிடும். அப்புறம் கறுப்பு வலை போட்டு வெயிலை மறைப்பார்கள். அதற்கும் மசியாத மரங்கள் உண்டு. அவற்றுக்குத் தண்ணீரே காட்டாமல் விட்டால் மூர்க்கமாகப் போராடும். தாராளமாக ஒருநாள் விட்டு, மறுநாள் நிறுத்திவிட்டால் அதோடு கைவிட்டுவிடும். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் தனிஸ்லாஸுக்குக் கம்பெனி பொன்னாடை போர்த்தியது. மனுஷன் இதைக் கொலை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மரம் நோகாமல் போக வழி செய்கிறோம் என்றே மனதார நம்பினார்.

கம்பெனிக்கு இன்னொரு வாக்குறுதியும் இருந்தது. ஒரு மரம் வெட்டினால் மூன்று கன்று நடுவோம். அதில் ஏமாற்று வேலை கிடையாது, நிஜமாகவே நட்டார்கள். வெட்டிய இடத்தில் ஒன்றை நடலாம், மீதி இரண்டுக்கு எங்கே போவது? தரிசு நிலம் போயிற்று, மேய்ச்சல் நிலம் போயிற்று, பள்ளிக்கூட மைதானத்திலும் வரிசை வரிசையாகக் கன்றுகள் நின்றன. கடைசியில் மிஞ்சியது தொழிலாளர் குடியிருப்பும் அதை ஒட்டிய கல்லறைத் தோட்டமும்தான்.

அவற்றையும் எடுக்கப்போகிற சேதியைச் சொல்ல நித்திலா நேரில் வந்தாள். தனிஸ்லாஸிடம் தொழில் பழகி, இப்போது அவருக்கே மேலாளராகிவிட்டவள்.

“யாரையும் வெரட்டப் போறதில்ல சார். மரத்துக்குக் குடுக்கற மரியாதைய மனுசனுக்குக் குடுக்க மாட்டமா? இசைவு இல்லாம ஒரு செங்கலத் தொட மாட்டோம்.”

வாய் சொல்லும் சம்மதத்தை மிரட்டி வாங்கிவிடலாம், உடம்பு தரும் சம்மதத்தை அப்படி வாங்க முடியாது என்று கம்பெனி பெருமையாக அறிவித்தது. வீடு வீடாக வந்து, நாடித்துடிப்பை அளக்கும் இசைவுப்பட்டையை ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மாட்டினார்கள். குடும்பத்தில் ஒருவரது பட்டை சிவப்பாக இருந்தாலும் போதும், அந்த வீடும் அந்தக் குடும்பத்தின் கல்லறையும் நிற்கும்.

“செரின விட்டுட்டு நான் எங்கயும் வர்றதா இல்ல,” என்றாள் தனிஸ்லாஸின் மனைவி லில்லி புஷ்பம், பட்டையை மாட்டும்போதே.

செரின் அவர்களுடைய ஒரே மகள். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் போனாள். தோட்டத்தின் ஓரத்தில் சின்னக் கல்லறை. லில்லி தினமும் போய்ச் சருகு பொறுக்கிவிட்டு வருவாள். இனி அதன் மேல் கன்று நடுவார்கள். கன்று வளர்ந்ததும் அதனிடமும் இசைவு வாங்குவார்கள். அதை நினைத்தபோதுதான் தனிஸ்லாஸ் முதல்முறையாகத் தம் மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

முதலில் பக்கத்து வீடுகள் காலியாயின. லில்லியோடு குழாயடியில் சிரித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராக வேறு மலைக்கு மாற்றினார்கள். பிறகு தெருவிளக்கு அணைந்தது, கைபேசிக் கோபுரம் போயிற்று. இது பள்ளம், இது வலை என்று தனிஸ்லாஸ் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று பஸ் வந்தது, டாக்டர் வந்தார், மளிகை வண்டி வந்தது, நித்திலா கேக் கொண்டுவந்தாள். லில்லி ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் ஒன்றுமே வரவில்லை.

அன்றைக்கே தனிஸ்லாஸின் பட்டை பச்சையாகிவிட்டது. அடுத்து என்ன வரும் என்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த மனுஷன்தான் முதலில் விழுந்தார். வெட்கம் பிடுங்கித் தின்ன, கம்பளிச் சட்டையின் கையை இழுத்து மூடிக்கொண்டார். மூடி என்ன செய்ய, அலுவலகத் திரையில் தெரியாமலா இருக்கும். இனி லில்லியின் சிவப்பு ஒன்றுதான் செரினுக்குக் காவல். அதுவும் மங்கிக்கொண்டு வந்தது.

அலுவலகத்துக்கு ஓடினார்.

“நித்திலாம்மா, வீட்ட எடுத்துக்கங்க. அந்தக் கல்லற ஒண்ண மட்டும் விட்ருங்க. ரெண்டு கன்னு நடற எடம்கூட வராது.”

“நீங்கதான சார் சொல்லிக்குடுத்தீங்க? ஒரு மரத்துக்குப் பாவம் பாத்தா வரிசையே நின்னுரும்னு.” அவள் குரலில் கேலியே இல்லை. நிஜமான மரியாதையோடுதான் சொன்னாள்.

வீடு திரும்பும் வழியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. போராடுகிற உடம்பில் துடிப்பு ஏறும். கோபமும் போராட்டம்தானே? லில்லிக்குக் கோபம் வரவழைத்துக்கொண்டே இருந்தால் பட்டை சிவப்பாகவே இருக்கும். அவளிடம் விஷயத்தைச் சொல்ல முடியாது. நடிப்புக் கோபத்தில் துடிப்பு ஏறாது.

“இது சோறா, களியா?” என்று அன்றைக்கே தட்டைத் தள்ளிவிட்டார். லில்லியின் பட்டை பளீரென்று சிவந்தது. தனிஸ்லாஸுக்கு உள்ளூர அத்தனை சந்தோஷம்.

சோறு சில நாள் தாங்கியது. அப்புறம் அதற்கு அவள் சிவக்கவில்லை. அவளுடைய தம்பியைப் பேச்சில் இழுத்தார். அவளுடைய அப்பாவின் குடியை இழுத்தார். ஒவ்வொன்றும் கொஞ்ச நாள்தான் வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாகக் குத்த வேண்டியிருந்தது. பேச்சுக்கு வேறு ஆளே இல்லாத தெருவில், லில்லி புருஷனின் வாயைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தாள். ஒருநாள் காலை கல்லறைக்குப் போய்விட்டு வந்தவளின் மணிக்கட்டில் சிவப்பு அணைந்து அணைந்து எரிந்தது. தனிஸ்லாஸ் பதறிப்போனார். கையில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

“எதுக்குச் சும்மா சும்மா அங்க போயி அழுவுற? அன்னைக்குக் காய்ச்சல் கொதிக்கறப்ப, காலைல பாத்துக்கலாம்னு சொன்னது நீதான? ஒன் கையாலதான அவளத் தூக்கிக் குடுத்த?”

பட்டை அதுவரை எரியாத அளவுக்குச் சிவப்பாக எரிந்தது. லில்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இத்தன வருசமா இதத்தான் மனசுல வச்சிருந்தீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் காட்டில் ஏதோ ஒரு தோதகத்தி மரத்திடம் இசைவு வாங்கிக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வராதது அவர்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் கண் அவள் மணிக்கட்டில் இருந்தது. சிவப்பு இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று, “ஆமா,” என்றார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு மெதுவாகச் சமநிலைக்கு வந்தது. பட்டை பச்சையானது.

“லில்லி, இல்ல புள்ள, சும்மா சொன்னேன். ஒன் பட்ட அணைஞ்சிரக் கூடாதேன்னுதான்...”

“இருக்கட்டுங்க,” என்றாள் அவள். எழுந்து கொடியில் கிடந்த சேலைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

பள்ளம் வெட்டும்போது ஓர் இழையைக்கூட விட்டுவைக்கக் கூடாது, ஒன்று மிஞ்சினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும் என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவர் அவர். லில்லிக்கு மிஞ்சியிருந்த ஓர் இழை தாம்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. உறைத்தபோது வாசலில் இயந்திரச் சத்தம் கேட்டது.

நித்திலா பூச்செண்டோடு வந்திருந்தாள். லில்லி அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு லாரியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை. புருஷன் பக்கமும் திரும்பவில்லை.

“பிரமாதம் சார்,” என்றாள் நித்திலா. “இந்த வீட்டுக்கு மட்டும் அடுத்த மழை வரைக்கும் இழுக்கும்னு நெனச்சிருந்தோம். வீட்டுக்குள்ள இருக்கற ஆள வச்சே முடிக்கலாம்னு எங்களுக்குத் தோணவே இல்ல. அடுத்தது கீழ்ப்பாறைக் குடியிருப்பு. அங்க புருஷன்மாருக்கெல்லாம் நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்.”

தனிஸ்லாஸ் தலையை ஆட்டி மறுத்தார். “முடியாது,” என்றார். “செத்தாலும் மாட்டேன். கேக்குதா? மாட்டேன்!”

நித்திலா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கம்பளிச் சட்டையின் கையை மெல்ல விலக்கி மணிக்கட்டைப் பார்த்தாள். பச்சை.

“ரொம்ப சந்தோசம் சார்,” என்றாள். “திங்கக்கெழம வண்டி அனுப்பறேன்.”